சிவந்துபோன ஆவாரம்பூக்கள்

அஸ்தம்பட்டி, சேலம்.
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள அருளப்பா,

வழக்கமான நலம் விசாரிப்பை இந்த முறை கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். அதில் தொடங்கினால் மழை, ரேஷனில் சர்க்கரைக் கண்ட்ரோல், உன் அம்மாவின் முழங்கால் என்று போய், சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். நீ பெங்களூருக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் நான் எழுதிய கடிதமெல்லாம் அப்படி முடிந்தவைதான். இதை நீ ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் உரக்கப் படித்துக் காட்டு. எப்பேர்ப்பட்ட வீட்டில் சம்பந்தம் வைக்கிறோம் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு, சூசை மாமாவின் ரொட்டிக்கடைக்குப் போனேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கிண்ணக் கேக் கொடுக்க வேண்டும், கேக் மாமாவின் அடுப்பில் வேக வேண்டும், அதன்மேல் வைக்கிற சர்க்கரைப் பூவை நீயே வந்து செய்வாய் என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு அண்ணன், உனக்குத் தொழில் கொடுத்தவர். அவரிடம் கேட்காமல் நடக்காது. நான் படித்து முடிக்கும் வரை அவர் தட்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“கேக்கு நான் போடறேனுங்க மாப்பிள்ளை. என் தங்கச்சி மவன் கண்ணாலத்துக்கு வேற எவன் போடுவான்? ஆனா பூவு அவன் செய்ய வேண்டாமுங்க. ஈரோட்டுல ஒரு ஆளு இருக்கான், அவனுக்குச் சொல்லி உடறேன்.”

“அவன் கல்யாணத்துக்கேவா மச்சான்?”

“அவன் கண்ணாலங்கறதுனாலதானுங்க சொல்றேன். மல்லசமுத்திரத்துல பட்டது போதும். அவன் கை பூவுல படக்கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான்.”

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்கு உன் கையால் பூ செய்யக் கூடாது என்ற தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தீர்ப்புக்கு உரிய ஆள் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டான்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது அதிகமில்லை; மருமகளுக்காகச் சொல்கிறேன். நான் திருச்சிராப்பள்ளியில் ரசாயனம் படித்துத் தேறியவன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வர வேண்டிய வேலை வேறொருவருக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பதவி என்னிடம் பாடம் கேட்டவனுக்குப் போனது. இவை எந்த மாதம், எந்தக் கிழமை நடந்தன, யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். உன் மாமா மேல் எனக்கிருந்த பகை இவற்றையெல்லாம்விட மூத்தது. என் கல்யாணப் பந்தியில் அவர் எல்லோரும் கேட்க, “மாப்பிள்ளை பெரிய படிப்புப் படிச்சவரு. இலையை எந்தப் பக்கமா போடோணும்னு அவருகிட்டக் கேட்டுப் போடுங்கப்பா” என்றார். சிரித்தார்கள். அவர் அன்பாகத்தான் சொன்னார் என்று உன் அம்மா இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லி வருகிறாள். இருக்கலாம். உனக்கு ஒன்று சொல்கிறேன்: பெண் கொடுத்த வீட்டில் யாராவது உன்னை வைத்துச் சிரித்தால், அந்தப் பந்தியிலேயே நீயும் சிரித்துவிடு. அன்றைக்குச் சிரிக்காதவனுக்கு அது பிறகு எப்போதும் சிரிப்பாகத் தெரியாது.

நீ இன்டர்மீடியட்டில் இரண்டாம் முறையும் தவறியபோது, உன்னை அந்த மாமாவிடமே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் உன் அம்மா. ஏற்காட்டுத் தோட்டத் துரைமார் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர் சின்னத் தகரக் கிண்ணங்களில் கேக் சுட்டு அனுப்புவார். அவற்றின்மேல் வைக்க வெள்ளை ரோஜா செய்வது உன் வேலை. சர்க்கரையை இடித்து, மெல்லிய துணியில் சலித்து, முட்டையின் வெள்ளையை விட்டுப் பிசைந்து, ஒவ்வொரு இதழையும் உள்ளங்கைக் குழியில் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பாய். உலர்த்துகிற கட்டிலின் நான்கு காலையும் எறும்புக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்பாய். நம் வீட்டுக் கூடத்தில் அந்தக் கட்டில் கிடந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் பார்க்க யாராவது வந்தால் போர்வையை எடுத்து மூடச் சொல்வேன். பூ நசுங்கிவிடும் என்று நீ சொன்னாய். நசுங்கட்டும் என்றேன். அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. மறக்காமல் இருக்கிற என் பழக்கத்தால் வந்த ஒரே நன்மை, என் தப்புகளையும் மறக்க முடியாமல் போனதுதான்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய தை மாதம் மல்லசமுத்திரத்திலிருந்து அந்தக் கல்யாணம் வந்தது. பெரிய விவசாயக் குடும்பம். மாப்பிள்ளைப் பையன் சென்னையில் சட்டம் படித்தவன். தாலி கட்டிய பிறகு டீ பார்ட்டி வைக்க வேண்டும், ஆளுக்கொரு பூ வைத்த கேக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தான். அவனுடைய அம்மா தானே கடைக்கு வந்தார். முன்னூற்று நாற்பது கேக். கல்யாணப் பண்டம் என்பதால் கேக்கிலும் முட்டை கூடாது, பூவிலும் கூடாது. அதோடு நிற்கவில்லை.

“பூவு மஞ்சளா இருக்கோணுங்க. சீசாவுல வர்ற சாயம் வேண்டாம், அதுல என்ன கலந்திருக்குதோ ஆரு கண்டா. எங்க காட்டு மஞ்சளையே இடிச்சுக் குடுத்து உடறேன்.”

“ரோசாப்பூவாப் பண்ணிரலாமுங்களா?” என்று மாமா கேட்டார்.

“ரோசா துரைசாணிக்கு வெச்சுக்குங்க. ஏஞ் சாமி, உனக்கு ஆவாரம்பூ பண்ணத் தெரியுமா?” என்று அந்தம்மா உன்னைப் பார்த்துக் கேட்டார்.

“தெரியாதுங்க. பண்ணிப் பாக்கறேனுங்க” என்றாய்.

தெரியாது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல நீ எங்கே கற்றாய் என்று அப்போது யோசித்தேன். நிச்சயமாக என்னிடம் இல்லை. மறுநாள் ஏற்காட்டுச் சாலையோரம் ஒரு கிளையை ஒடித்து வந்து, ஒரு பூவைப் பிரித்துப் பலகைமேல் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். முட்டைக்குப் பதிலாக வேலம்பிசினை ஊறவைத்து வடிகட்டிச் சர்க்கரையைப் பிசைந்தாய். ஐந்து இதழ், நடுவில் பிசின் தொட்டு ஒட்டிய நாலைந்து கசகசா. பத்து நாளில் முன்னூற்று நாற்பதும் முடிந்தன. கட்டில் முழுக்க மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனேன். அவை அழகாக இருந்தன. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு எழுதுகிறேன்: என் வாழ்நாளில் நம் வீட்டில் யாரும் செய்த வேலையில் அதைவிட நேர்த்தியானதை நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயம் நான் வேலையில் இல்லை. தலைமையாசிரியர் பதவி கைநழுவியதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். அந்த எட்டு மாதமும் நாம் சாப்பிட்டது உன் மாமா அனுப்பிய அரிசி. அவர் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பகைக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பூத்தட்டுகளைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று நீ அழைத்ததால் நானும் கடைக்கு வந்தேன். முட்டை இல்லாமல் மாவு எழும்ப வேண்டுமே என்று மாமா ஆப்பசோடாவைக் கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். இதற்குக் கல்லூரி வேண்டாம்; மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் ஆப்பசோடாவும் சுண்ணாம்பின் வேலையைச் செய்யும் என்பது அந்தக் கடையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. பாகைத் தொட்டுப் பூவை ஒட்டப்போகிறீர்கள். கேக் காயாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடப்போகிறீர்கள். சோடா ஈரத்தில் ஊறிப் பூவின் அடியில் ஏறும் என்று எனக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. “மச்சான், அந்தச் சோடாவை...” என்று வாயெடுத்தேன்.

“ஏனுங்க மாப்பிள்ளை, அந்தப் பொஸ்தகத்தை மூடி வெச்சுட்டுச் செத்த ஓரமா உக்காருங்க. அடுப்புக்குப் படிக்கத் தெரியாதுங்க” என்றார். மாவு பிசைகிறவர்கள் இருவரும் சிரித்தார்கள்.

நான் உட்கார்ந்தேன். அவர் அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். அதன்பிறகு பூ ஒட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. மூன்று மணி நேரமும் நான் அங்கேயே இருந்தேன். அவரிடம் சொல்ல மனமில்லை என்றால் உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ என்னிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் குனிந்து பூ ஒட்டிக்கொண்டிருந்தாய். நான் சொல்லாததற்குக் காரணம், நாளைக்கு இந்த மனிதர் நாலு பேர் முன்னால் விழித்துக்கொண்டு நின்று, “மாப்பிள்ளை, இது ஏன் இப்படி ஆச்சு?” என்று என்னிடம் கேட்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைக்குக் கொடுத்தது அவருடைய கேக்கை அல்ல, உன் பத்து நாள் வேலையை என்பது என் புத்தியில் ஏறவில்லை.

காலையில் வாடகை மோட்டாரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மல்லசமுத்திரம் போனோம். பந்தலுக்குப் பின்னால் மாமா முதல் பெட்டியைத் திறந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் குனிந்து பார்த்து, பின்னுக்கு நகர்ந்தார். “ஏனுங்க, இதென்ன பூவுக்கு அடியில ரத்தமாட்டம்?” பக்கத்தில் நின்ற உறவுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “ரத்தமில்லீங்க அக்கா, சமையக்காரன் வெத்தலை போட்டுத் துப்பியிருப்பான்” என்றார். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “தாலி கட்டற நேரத்துல இதை ஆரு கண்ணுலயும் காட்டாதீங்க. மூடுங்க” என்றார். எல்லாப் பெட்டியும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு இதழின் அடியிலும் சிவப்பு ஊறி மேலே ஏறியிருந்தது.

நீ என் கையைப் பிடித்துச் சமையல் கொட்டகை ஓரமாக அழைத்துப் போனாய். “அப்பா, நீங்க இதெல்லாம் படிச்சவங்க. இது எதனாலீங்க?” என்று கேட்டாய். வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் வரும், வந்தது. மஞ்சள், காரம், ஈரம் என்று மடமடவென்று சொல்லி முடித்தேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசிக்காமல் சொன்னதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. நீ என்னைப் பார்த்தாய். “நேத்து மாமா சோடா போடறப்ப நீங்க அங்கதானுங்களே இருந்தீங்க?” நான் கொதிக்கிற அண்டாவைப் பார்த்தேன். நீ இரண்டாம் தடவை கேட்கவில்லை. “கொப்பரைத் தேங்கா கெடைக்குமான்னு கேட்டு வாங்கியாங்கப்பா, சீக்கிரம்” என்றாய்.

கொப்பரையைக் காகிதம் போலச் சீவி, ஒவ்வொரு பூவையும் பெயர்த்து, சிவந்ததைச் சுரண்டி எடுத்து, கேக்கின் கறைமேல் ஒரு சீவலை வைத்து, அதன்மேல் பூவை மறுபடி ஒட்டினாய். நான் சீவல் எடுத்துக் கொடுத்தேன். டீ பார்ட்டி தொடங்கும்போது இருநூறுக்குச் சற்று மேல் தேறியிருந்தது. பின்வரிசைக்குப் பூந்தி கொடுத்துச் சமாளித்தார்கள். மிச்சம் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. மாப்பிள்ளையின் அம்மா நாம் புறப்படும் வரை மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் மாமா கேட்டது என்னையல்ல, உன்னை. “மஞ்சள்ல என்னத்தடா கலந்தே?” நான் அருகில்தான் நின்றேன். நீ தலையைக்கூடத் திருப்பாமல், “மஞ்சளை அளவுக்கு மேல போட்டுட்டனுங்க மாமா. பூவும் நல்லாக் காயலை. எந் தப்புதானுங்க” என்றாய். இனிப் பூவில் உன் கை படக்கூடாது, அடுப்புக்குப் போ என்றார். ஐந்து வருஷம் அந்த அடுப்பில் நின்றாய். உன் முன்கையில் ஏறிய சூட்டுத் தழும்புகளை நான் சாப்பாட்டு வேளையில் பார்ப்பேன். இதில் வேடிக்கை என்னவென்றால், உன்னை அடுப்பில் போட்டதற்காகவும் நான் உன் மாமா மேல் பகை வைத்தேன். என் பட்டியலில் அதற்குத்தான் முதல் இடம் கொடுத்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன், நினைவிருக்கிறதா? நீ பெங்களூருக்குக் கிளம்புகிற அன்று ரயிலடியில். அவரிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றேன். “சொல்லியிருந்தா அம்மாவுக்குப் பொறந்த ஊடு இல்லாமப் போயிருக்குமுங்கப்பா” என்றாய். அப்புறம் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாய். இந்த ஏழு வருஷமும் உன் அம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாளே, அது நீ போட்ட பிச்சை. பிச்சை என்ற சொல் உனக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனால் நான் நன்றி சொல்லிப் பழகியவன் இல்லை. சரியான சொல் கைவசம் இல்லை. உனக்கு நன்றி, மகனே. நீ என்னை ஒரு தடவைகூட அந்த நாளைக் கொண்டு மிரட்டவில்லை. வாக்குவாதம் முற்றியபோதும், நான் உன்னைப் படிப்பு வராதவன் என்று திட்டியபோதும், அந்த ஒரு வாக்கியம் உன் கையில் இருந்தது. நானாக இருந்தால் ஒரு வாரம்கூட அதைச் சும்மா வைத்திருக்க மாட்டேன்.

உன் மனைவியிடமும் அப்படி இரு. அவளைப் பற்றி உனக்குத் தெரிந்ததை அவளை அடிக்க வைத்துக்கொள்ளாதே. அதே சமயம், அவளுக்கு ஆக வேண்டியது எதையாவது நீ அறிந்திருந்தால், அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. இரண்டாவதை என்னிடமிருந்து கற்றுக்கொள், நான் செய்யாததிலிருந்து.

வெள்ளிக்கிழமை வரை என்னால் தூங்க முடிந்தது. சனிக்கிழமை காலை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறம் அசையாமல் இருந்தது. பிறகு, “ஏழு வருசமா எங்கண்ணன் மேல முறுக்கிக்கிட்டு இருந்தீங்களே, அது எதுக்குங்க?” என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். “எந்திரிங்க. சட்டையப் போடுங்க. நானும் வாரேன்.” முழங்கால் வலியோடு செவ்வாய்ப்பேட்டை வரை வந்தாள்.

மாமாவிடம் நின்றுகொண்டே சொன்னேன். இடையில் நிறுத்தினால் தொடர முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அவள் தலையாட்டினாள்.

“தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருக்கலாமல்லங்க” என்றார்.

“சொல்ல வந்தேன் மச்சான். ஓரமாக உட்காரச் சொன்னீர்கள்.”

“உக்காரச் சொன்னா உக்காந்துக்கறதா? என்னைக்கு நான் சொன்னதை நீங்க கேட்டிருக்கீங்க, அன்னைக்கு மட்டும் கேக்கறதுக்கு?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. அந்தம்மாவிடம் தான் பட்டது போகட்டும், பிள்ளையைப் போய் ஐந்து வருஷம், என்று தொடங்கி முடிக்காமல் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “அன்னைக்கு நான் என்ன பண்ணியிருக்கோணும்?” என்று கேட்டார். சோடாவோடு கொஞ்சம் புளிப்பு சேர்ந்திருந்தால் காரம் அடங்கியிருக்கும் என்றேன். புளித்த மோர், இல்லாவிட்டால் எலுமிச்சம்பழச் சாறு.

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான்.”

அவர் மாவுப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே பார்த்து, ஈரோட்டு ஆளுக்கு வர வேண்டாம் என்று கடுதாசி போடச் சொன்னார். அருளப்பன் வந்து செய்யட்டும், தான் அவனிடம் பேச வேண்டியது இருக்கிறது, அதை நான் சொல்லக் கூடாது, தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். என்னிடம், “உங்ககிட்ட நான் பழையபடி பேச நாளாகுமுங்க மாப்பிள்ளை” என்றார். நியாயம். இதை நான் பகையாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எடுத்துக்கொள்ளாமல் இருக்க முயல்கிறேன் என்று எழுதுவதே உண்மை. கிளம்பும்போது உன் அம்மா கையில் மட்டும் ஒரு ரொட்டியைக் கொடுத்தார்.

ஆகவே நீ ஒரு வாரம் முன்னதாகவே வா. சர்க்கரைக்கு மாமா சொல்லி வைத்திருக்கிறார். வேலம்பிசின் நான் பார்த்து வாங்கி வைக்கிறேன். உன் அம்மா சுகம். முழங்கால் நேற்றைக்கு நடந்ததில் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. மருமகளுக்கும் அவள் வீட்டாருக்கும் என் அன்பு. அவளுக்குப் பிடித்த பூ எது என்று கேட்டு அதையே செய். அது மஞ்சள் நிறமாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன் அப்பா